ஏசி போட்ட இரவுகளில் மட்டும் இறங்கிய பேட்டரி

நான் 14 வருடமாக ஓட்டும் அதே மாடலில் ஒரு பழைய வண்டி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். எஞ்சின், மைலேஜ் எல்லாம் அவருக்கே தெரியும். அதனால் போன ஒரு வருடம் இந்த வண்டி என்னை எப்படி அலைக்கழித்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடத்தில் எஞ்சினைத் திறந்ததே இல்லை. கியர் இன்றும் வெண்ணெய் மாதிரி விழுகிறது. ஏசியோ, மூன்று நிமிடத்தில் பின் சீட்டு வரை குளிர வைத்துவிடும். அந்த ஏசிதான் பிரச்சினை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

திடீரென்று ஒரு நாள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரிக்கு நான்கு வயது, சரி, ஆயுள் முடிந்தது என்று புதிது போட்டேன். ஆறு வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மறுபடியும் அதே சத்தம். ஜம்ப் கேபிள் போட்டுக் கிளப்பி மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், அவர் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்த்தார்: 14.2 வோல்ட், குறை சொல்ல இடமில்லை. வண்டி நிற்கும்போது எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளந்தார்: 28 மில்லி ஆம்பியர். கடிகாரம், ஸ்டீரியோ நினைவகம், சென்ட்ரல் லாக் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. 45 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி அந்த அளவில் முழுதாகக் காலியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். "வண்டியில் ஒன்றுமில்லை, இந்த பேட்டரியே சரியில்லை" என்று இன்னொரு பேட்டரியை என் தலையில் கட்டினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் அளந்த எண் சரிதான். ஆனால் ஒரே இரவில் பேட்டரி காலியாகிறது என்று நான் சொன்னதற்கும் 28 மில்லி ஆம்பியருக்கும் ஒட்டவே இல்லையே என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

இரண்டாவது புது பேட்டரியும் இறங்கியது, அப்பாவை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டிய நாளில். வெறும் வயிற்றோடு அவர் வாசலில் நின்ற அந்த அரை மணி நேரத்தில் முடிவு செய்தேன், இதை நானே கண்டுபிடித்தாக வேண்டும்.

மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் டெர்மினலுக்கும் அதிலிருந்து கழற்றிய கேபிளுக்கும் நடுவில் மீட்டரைப் போட வேண்டும். அந்த நிலையில் மறந்தும் ஸ்டார்ட் செய்யக்கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை பார்க்க, கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடியது போல ஆக்கினேன். அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தால் எனக்கும் அதே 28தான். டிக்கி விளக்கு, டேஷ்போர்டு பெட்டி விளக்கு, ஸ்டீரியோ வயர் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடியும் ஒன்றும் சிக்கவில்லை.

பிறகுதான் உறைத்தது. ஞாயிறு காலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியை அளக்கிறேன். மெக்கானிக் அளந்ததும் ஏசி போட்டு ஓட்டாத வண்டியைத்தான். பேட்டரி இறங்கியதெல்லாம் முந்தின நாள் சாயங்காலம் வெயிலில் ஏசியோடு வெகுதூரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய நாட்களில். ஜம்ப் போட்டுக் கிளப்பிய காலைகளில், ஏசி பொத்தானைத் தொடாமலே கொஞ்ச நேரம் சில்லென்று காற்று வந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கே அதைக் கவனித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அடுத்த தடவை ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, வீட்டுக்கு வந்த கையோடு மீட்டரை மாட்டினேன். முதல் நாள் ஒன்றுமில்லை, இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மீட்டர் 3.4 ஆம்பியர் காட்டியது. மாலை ஏழு மணிக்கு நிறுத்திய வண்டியில் காலை ஆறு மணிக்குள் 37 ஆம்பியர்-மணி போயிருக்கும். அதற்குமேல் ஸ்டார்ட்டர் எப்படிச் சுற்றும்?

ஃப்யூஸைப் பிடுங்கினால் ஒட்டியிருப்பது எதுவோ அந்த அசைவில் விட்டுவிடுமோ என்று பயம். அதனால் ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் இருக்கும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்துப் பார்த்தேன். கரண்ட் போகாத ஃப்யூஸில் சைபர் காட்டும். பானட்டுக்குள் இருந்த ஒரு 10 ஆம்பியர் ஃப்யூஸ் 26 மில்லி வோல்ட் காட்டியது. அது ஏசி கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைத்துப் பிரிக்கும் கிளட்சுடையது. பக்கத்தில் அந்தக் கிளட்சுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் ரிலே என்ற சுவிட்ச், தொட்டால் இலேசான சூடு. பிடுங்கியதும் கம்ப்ரஸர் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், கிளட்ச் விடுபட்டது. மீட்டரில் 28 மில்லி ஆம்பியர். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

கையில் எடுத்த ரிலேயின் இரண்டு காண்டாக்ட் பின்களில் மீட்டரை வைத்தால் பீப் அடித்தது, அதாவது உள்ளே இணைப்பு இருக்கிறது. காண்டாக்டை இழுத்து மூடும் மின்காந்தமான காயிலுக்கு மின்சாரமே இல்லாதபோது அடிக்கவே கூடாது. மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன், பீப் நின்றுவிட்டது. ஏன் யார் கையிலும் சிக்கவில்லை என்பது அப்போது புரிந்தது. கிளட்ச் ஒவ்வொரு முறை விட்டுப் பிடிக்கும்போதும் காண்டாக்டில் சின்னப் பொறி பறக்கும், உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக உருகிக் குழி விழும். சூடேறிய நாளில் ஒட்டிக்கொள்ளும், ஒரு குலுங்கலில் விட்டுவிடும். உடைத்துப் பார்த்தேன், இரண்டு முனையும் கருகியிருந்தன. ஹார்ன் ரிலேயும் அதே வகை என்பதால் புதிது வாங்கும் வரை அதை எடுத்துப் போட்டு ஓட்டினேன். மாற்றி நான்கு மாதம் ஆகிறது, ஒரு காலையிலும் தகராறு இல்லை.

14 வருடம் உழைத்த ஒரு சின்ன ரிலேயைக் குறை சொல்ல மாட்டேன். வண்டியை வடிவமைத்தவர்கள் மேல்தான் கோபம். ரிலேயின் காயிலுக்கு மட்டும் சாவி வழியாக மின்சாரம் கொடுத்துவிட்டு, கிளட்சுக்குப் போகும் காண்டாக்டுக்கு நேராக பேட்டரியிலிருந்து வயர் இழுத்திருக்கிறார்கள். அதையும் சாவிக்குப் பின்னால் வைத்திருந்தால், ரிலே ஒட்டிக்கொண்டாலும் வண்டியை அணைத்ததும் கிளட்சும் அணைந்திருக்கும். இரண்டு நல்ல பேட்டரிகளை நான் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டேன். அப்பா வாசலில் நின்றிருக்க மாட்டார்.

எனவே நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள். எஞ்சின் நல்ல எஞ்சின், கியர் நல்ல கியர், மேலே எழுதிய எதையும் மாற்றவில்லை, ஆனாலும் வேண்டாம். மீறி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் வண்டியைப் பார்க்கக் காலையில் போகாதீர்கள். சாயங்காலம் போய், ஏசி போட்டு நன்றாகச் சூடேற ஓட்டி, அணைத்த பிறகு அந்த 10 ஆம்பியர் ஃப்யூஸின் தலையில் மீட்டரை வையுங்கள். மீட்டர் என்னிடம் இருக்கிறது, நானும் வருகிறேன்.