வக்கீல் இல்லாமல் நுகர்வோர் ஆணையம்: மனு போடுவது சுலபம், வாய்தாதான் படுத்தும்

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை ஒரு சேவையாகப் பார்த்து மார்க் போடச் சொன்னால், மனு போடும் கட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு. தீர்ப்புக்குக் காத்திருக்கும் கட்டத்துக்கு இரண்டு, அதுவும் தாராளமாக.

வக்கீல் கட்டாயமில்லை. புகார்தாரரே மனு எழுதி, அவரே வாதாடலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். 50 லட்சத்தைத் தாண்டினால்தான் மாநில ஆணையம். இந்தக் கணக்கெல்லாம் நீங்கள் கொடுத்த பணத்துக்கு. கேட்கும் நஷ்டஈட்டுக்கு அல்ல. 15,000 ரூபாய் போனுக்கு 20 லட்சம் கேட்டாலும் கட்டணம் ஏறாது, மனுவின் மரியாதைதான் இறங்கும்.

இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். மனுவில் அழுகை வேண்டாம், தேதி வேண்டும்: என்று வாங்கினீர்கள், என்று பழுதானது, என்று புகார் செய்தீர்கள், என்ன பதில் வந்தது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஓர் ஆவணம். இங்கே பெரும்பாலும் பிரமாண வாக்குமூலத்தை (சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பதை) வைத்தே வழக்கு நடக்கும், குறுக்கு விசாரணை அபூர்வம். அதனால் காகிதம் பேசாததை நீங்கள் நேரில் பேசிப் பயனில்லை. 'போன் சரியில்லை' என்று எழுதினால் போதாது; சர்வீஸ் சென்டர் பழுதைக் குறித்துக் கொடுத்த ஜாப் ஷீட் மூன்று இருந்தால் அதுவே பாதி வழக்கு.

பலரும் சறுக்குவது எதிர்தரப்பினரின் பெயரில். கடை போர்டில் இருப்பது பிராண்டு பெயர். சட்டப்படியான பெயர் ஜிஎஸ்டி பில்லில் இருக்கும். போர்டைப் பார்த்து எழுதினால் நோட்டீஸ் திரும்பி வரும், அல்லது கடைசியில் 'அது நாங்கள் இல்லை' என்பார்கள். விற்றவர், தயாரித்தவர் இருவரையும் சேர்த்துவிடுங்கள். அடுத்தது கெடு: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தால் அது நீளாது. லாபத்துக்காக நடத்தும் வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்றால் மனு அங்கேயே அடிபடும். சொந்தப் பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழிலுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இனி குறை. எதிர்தரப்பு பதில் தர 30 நாள், மேலே 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. சட்டத்தில் வழக்கு முடிய 3 மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதம். ஏட்டில் அப்படி. நடப்பில் வாய்தா மேல் வாய்தா விழுந்து வருஷங்கள் ஓடுகின்றன. சலித்துப்போய் நீங்கள் வராமல் விட்டால் கம்பெனிக்குக் கொண்டாட்டம். காணொளி விசாரணை கேட்டு மனுக் கொடுக்கலாம்.

ஜெயித்தாலும் பணம் தானாக வராது. மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு, ஆனால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டினால்தான் கம்பெனி மேலே போக முடியும். மேல்முறையீடும் செய்யாமல், பணமும் தராமல் இழுத்தடித்தால், உத்தரவை அமல்படுத்தக் கேட்டு 71, 72-வது பிரிவுகளில் நிறைவேற்று மனு. 72-ல் ஒரு மாதம் முதல் 3 வருஷம் வரை சிறைக்கு இடமிருக்கிறது. பல கம்பெனிகள் செக் எழுதுவது அந்த மனுவின் நோட்டீஸைக் கண்ட பிறகுதான்.

மருத்துவ அலட்சியம், பெரிய தொகை இன்ஷூரன்ஸ் மறுப்பு போன்றவற்றுக்கு வக்கீல் வைப்பதே நல்லது. மற்றபடி நடுவில் சமரசம் பேச வந்தால் பேசுங்கள். பணம் கணக்கில் ஏறும் முன் வாபஸ் மனுவில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். தொகையும் தேதியும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆணையத்தின் உத்தரவாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள்.