முழங்கால் சில்லு விலகினால்: ஆபரேஷனா, பயிற்சியா?

ஷட்டில் ஆடும்போது சட்டென்று திரும்பினேன், வலது முழங்கால் சில்லு வெளிப்பக்கமாக நழுவியது. காலை நீட்டியதும் தானே இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் இரவுக்குள் முட்டியின் குழிகளே தெரியாதபடி வீக்கம். எம்.ஆர்.ஐ.யில், சில்லை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசைநார் கிழிந்திருந்தது. முதல் தடவை விலகும்போதே பெரும்பாலானவர்களுக்கு அது கிழிந்துவிடும்.

ஆபரேஷன் என்றால், பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்துத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) ஒன்றை எடுத்து, கிழிந்ததற்குப் பதிலாகப் பொருத்துவார்கள். மறுபடி விலகும் வாய்ப்பு குறையும். செலவு, லீவு பற்றிச் சொல்லவே வேண்டாம். எலும்போ குருத்தெலும்போ பெயர்ந்து மூட்டுக்குள் துண்டு கிடந்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். எனக்குத் துண்டு இல்லை.

அதனால் பயிற்சிக்குப் போனேன். என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: ஆபரேஷன் செய்துகொண்டாலும் அதற்கப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி செய்தே ஆகவேண்டும். கத்தி தசைநாரைச் சரிசெய்யும், தொடைத் தசையை வளர்த்துத் தராது. முட்டி வீங்கினாலே அந்தத் தசை சோம்பிவிடும். இரண்டே வாரத்தில் டேப் வைத்து அளந்தால் வலது தொடை 2 சென்டிமீட்டர் இளைத்திருந்தது. முதல் பயிற்சி: முட்டிக்கு அடியில் துவட்டும் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தியபடி பத்து எண்ண வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். முதல் நாள் நான் அழுத்துகிறேன், கால் கேட்கவே இல்லை. பிசியோதெரபிஸ்ட் என் விரலைத் தொடையின் உள்பக்கத்தில் வைத்து, "சார், இங்க இறுகுதா பாருங்க" என்றார். நான்காம் நாள்தான் லேசாக இறுகியது. அப்புறம் காலை நீட்டித் தூக்குவது, இடுப்புப் பயிற்சி, கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் படி இறங்குவது. முட்டி உள்பக்கம் சாய்ந்தால் அந்த எண்ணிக்கை செல்லாது. தினமும் அரை மணி நேரம், நான்கு மாதம். வலியைவிடச் சலிப்புதான் பெரிய எதிரி. பாதியில் விடுகிற ஆள் என்றால் இரண்டு வழியுமே வீண்.

என் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. எனக்கு வயது 38, விலகியதும் ஒரே தடவை. பதின்ம வயதினருக்கும், சில்லு ஓடும் பள்ளம் தட்டையாக இருப்பவர்களுக்கும் திரும்ப விலகும் வாய்ப்பு அதிகம். அவர்கள் ஸ்கேனை வைத்து எலும்பு டாக்டரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். இன்னொரு தடவை விலகினால் நானும் ஆபரேஷனுக்குத்தான் போவேன்.

எட்டு மாதம் ஆகிறது, திரும்ப ஷட்டில் ஆடுகிறேன். வலது காலை ஊன்றித் திரும்ப வேண்டிய பந்தை மட்டும் இன்னும் விட்டுவிடுகிறேன்.