டேனிஷ் கிறிஸ்துமஸ் இதயத்தில் ஆபரேஷன் கருவிகள்: மூன்று டிசம்பர் உபயோகித்த பிறகு

டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் சிவப்பு வெள்ளைக் காகித இதயம் பார்க்க எளிது, பின்ன எளிதல்ல. கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860இல் செய்தது. கையின் நிதானத்தைச் சோதிக்க இதைவிட மலிவான பொருள் கிடையாது.

அளவு: 15 × 5 செ.மீ. பளபளப்புத் தாள், நிறத்துக்கு ஒன்று. இரண்டாக மடித்து, திறந்த முனையை அரைவட்டமாக நறுக்கவும். இதற்கு வளைந்த மேயோ கத்தரி (தடித்த அலகுள்ள அறுவைக் கத்தரி) அருமை; கத்தரியைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும். மெட்சன்பாம் கத்தரி வேண்டாம். மெல்லிய திசுவுக்கான கத்தரி அது, தாள் அலகுகளுக்கிடையே மடிந்துகொள்ளும்.

அடுத்து மடிப்புப் பக்கத்திலிருந்து 1 செ.மீ. இடைவெளியில் நான்கு கீறல்கள், நீளம் 5.2 செ.மீ. அந்த 2 மி.மீ. கூடுதலை விட்டால் கடைசிப் பட்டை நுழையாது. தள்ளத் தள்ளக் கீறலின் அடியில் கிழியும். 3ஆம் எண் அறுவைக்கத்திக் கைப்பிடியில் கூர்முனையுள்ள 11ஆம் எண் பிளேடு பொருத்தி, கீறல் முடிய வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் குத்தி, பிறகு சாய்த்து மடிப்பை நோக்கி இழுக்கவும். கை கொஞ்சம் ஓடினாலும் வெட்டு தாளுக்கு வெளியேதான் போகும். 10ஆம் எண் பிளேடின் வயிறு வளைந்தது, அதில் துல்லியமான முனை கிடைக்காது. பளபளப்புத் தாளின் மேற்பூச்சில் களிமண், சுண்ணத் தூள் கலந்திருப்பதால் கூர் சீக்கிரம் போகிறது. மூன்றாவது இதயத்தில் வெட்டு பிசிறடிக்கும், பிளேடை மாற்றிவிடுங்கள். கழற்ற நீடில் ஹோல்டர் (தையல் ஊசியைப் பிடிக்கும் இடுக்கி), விரல் கூடாது. காகிதம் வெட்டிய கருவி எதுவும் ஆபரேஷன் தியேட்டர் கருவிச் செட்டுக்குத் திரும்பக்கூடாது.

பின்னல்தான் உண்மையான பரீட்சை. ஒவ்வொரு பட்டையும் இரட்டை வளையம். முதல் சிவப்புப் பட்டை முதல் வெள்ளைக்குள் நுழையும், இரண்டாம் வெள்ளை அந்தச் சிவப்புக்குள் நுழையும். அடுத்த சிவப்பில் இது தலைகீழ். ஒன்று பிசகினாலும் இதயம் கூடையாகத் திறக்காது. பட்டையைப் பிடிக்க, பல் வைத்த ஆட்சன் ஃபோர்செப்ஸ் (சிறு இடுக்கி) தாளில் துளை போடுகிறது, திசுவைக் காயப்படுத்தாத டிபேக்கி இடுக்கி போடுவதில்லை. 5 மி.மீ. பட்டை வைத்த சின்ன இதயத்துக்கு வளைந்த மஸ்கிட்டோ ஆர்ட்டரிதான் (ரத்தக்குழாயைப் பிடிக்கும் சின்ன இடுக்கி) சரி. வளையத்துக்குள் நுழைத்து மறுபட்டையின் மடிப்பைப் பிடித்து இழுக்கலாம். அதன் ராட்செட்டை (பிடியிலுள்ள பல் பூட்டை) பூட்டினால் தழும்பு நிரந்தரம்.

இதயத்தைத் தொங்கவிடும் கைப்பிடிப் பட்டையை 5-0 நைலானில் (மெல்லிய அறுவைத் தையல் நூல்) தைத்துப் பார்த்தாயிற்று. முடிச்சு இறுகும்போது துளை கிழிகிறது. பசையே போதும்.