கேரமா, கால்பந்தா?

வடசென்னையில் இளைஞர் மன்றம் தொடங்குவோர் பலர் இந்தக் கேள்வியில்தான் திணறுகிறார்கள்.

செலவு: கேரமுக்கு ஒரு பலகை, 19 காய்கள், ஸ்டிரைக்கர், பவுடர், பலகைக்கு மேலே தொங்கும் ஒரு விளக்கு போதும். கால்பந்தில் பந்தின் விலை பெரிதல்ல. ஆண்டுதோறும் பிள்ளைகளின் கால் வளர வளர வாங்க வேண்டிய பூட்ஸ்தான் பெற்றோரின் கையைக் கடிக்கும்.

இடம்: கேரம் சிறிய அறையிலேயே நடக்கும். கால்பந்துக்குத் திடல் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை அதையும் சேறாக்கிவிடும்.

பலன்: இங்கேதான் உண்மையான வேறுபாடு. வியாசர்பாடியில் கால்பந்து ஊன்றியிருப்பதற்குக் காரணம், ஒரே பந்து இருபது பேரை ஒருசேர ஓடவைப்பதும், தோல்வியைக் கூட்டாகச் சுமக்கக் கற்றுத்தருவதும்தான் என்பது என் கருத்து. கேரமில் பிழைக்குப் பங்காளி கிடையாது. விரல்நுனிக் கட்டுப்பாடும் பொறுமையுமே முதலீடு. சென்னையிலிருந்து கேரம் வீரர் மரிய இருதயம் அர்ஜுனா விருது வரை சென்றதும், 2024இல் வீராங்கனை காசிமா கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதும் இந்தப் பலகையில்தான். ஆனால் உடலுழைப்பு கிடையாது. நாள் முழுதும் வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு இது குறையே.

ஆகவே, துறுதுறுவென்று திரியும் பத்து வயதினருக்குக் கால்பந்து பொருந்தும். திடல் இல்லாத தெருவுக்கும், இருட்டியபின் பெண்பிள்ளைகளை வெளியே அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கும் கேரமே ஏற்றது.