டி.என்.இ.ஏ. ஆன்லைன் கவுன்சிலிங்: சாய்ஸ் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது

2017 வரை பொறியியல் சீட்டுக்காகக் குடும்பத்தோடு கிண்டிக்கு வந்து, திரையைப் பார்த்துச் சில நிமிடங்களில் கல்லூரியை முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2018-இல் டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கை) கவுன்சிலிங் ஆன்லைனுக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 250. இந்தப் பணத்துக்கு இவ்வளவு நேர்மையான சேவை கிடைப்பது பெரிய விஷயம். சிபாரிசுக்கு இங்கே இடமே கிடையாது. ஆனால் கல்லூரிகளையும் பாடப் பிரிவுகளையும் விருப்ப வரிசையில் பதியும் சாய்ஸ் ஃபில்லிங் பக்கம் யாருக்கும் யோசனை சொல்லாது. நல்ல கட்-ஆஃப் வீணாவது அங்கேதான்.

கட்-ஆஃப் கணக்கு எளிது: கணித மதிப்பெண் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதியாக, மொத்தம் 200-க்கு. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 90 என்றால் 92 + 42 + 45 = 179. இந்த 179-ஐப் போன வருட 179-உடன் ஒப்பிடுவதுதான் பலர் செய்யும் தவறு. வினாத்தாள் எளிதாக வந்த வருடம் அதே மதிப்பெண்ணுக்குத் தரவரிசை பல ஆயிரம் இடம் கீழே போய்விடும். அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, உங்கள் பொதுத் தரவரிசை எண்ணுக்கும் சமூகப் பிரிவுத் தரவரிசை எண்ணுக்கும் போன வருடம் எந்தக் கல்லூரி கிடைத்தது என்று பாருங்கள்.

கல்லூரியைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், குறியீட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் நாலைந்து கல்லூரிகள் இருக்கின்றன. கோவை பி.எஸ்.ஜி. டெக் என்றால் 2006. அதற்குள்ளேயே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பாடப் பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.எஸ்.' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அரசு உதவி பெறும் பிரிவைவிடக் கட்டணம் பல மடங்கு அதிகம். அந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் பட்டியலை லாக் (இறுதி) செய்துவிட்டுக் கட்டணம் கட்டும் நாளில் திகைப்பவர்கள் உண்டு.

தரத்துக்கு வருவோம். நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் கவுன்சில்) அங்கீகாரம் கல்லூரிக்கு, என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி. வாசலில் பெரிய பலகை இருந்தாலும் நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சிப் பட்டியலில் சதவீதத்தோடு எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் எடுக்கின்றன. அவற்றின் சதவீதத்தை மற்றவற்றோடு ஒப்பிடக் கூடாது. வேலைவாய்ப்பில் உச்சச் சம்பளத்தைக் கேட்காதீர்கள். உங்கள் பிரிவில் எத்தனை பேர் படித்து, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேளுங்கள்.

இனி வரிசை. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே படித்து, முதலில் காலியாக இருப்பதைக் கொடுத்துவிடும். எனவே 'இது கண்டிப்பாகக் கிடைக்கும்' என்ற கல்லூரியை மேலே வைத்தால், அதற்குக் கீழே உள்ள நல்ல கல்லூரி காலியாக இருந்தாலும் வராது. ஆசைப்பட்டதை மேலே, நிச்சயமானதை அடியில் வையுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பில்லை, பத்தோடு நிறுத்திவிட்டு இடம் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுவதில் அர்த்தமே இல்லை.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கொடுத்த கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் சீட் போய்விடும். 9-ஆவது சாய்ஸ் கிடைத்து 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' (கிடைத்ததை ஏற்று, மேலே உள்ளதற்கும் காத்திருப்பது) கொடுத்தால், 1 முதல் 8 வரை மட்டுமே மறுபடி பார்க்கப்படும். அதில் ஒன்று கிடைத்துவிட்டால் 9-ஆவது கையை விட்டுப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே லாக் செய்வதற்கு முன்பே, மனமில்லாத கல்லூரி எதுவும் மேல்வரிசையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.