பி.எஸ்சி. நர்சிங்கா, ஜி.என்.எம்.மா? அரசு டிப்ளமோ சீட்டை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், சொந்தத்திலோ தெருவிலோ யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "பாப்பாவுக்கு கவர்மென்ட்ல டிப்ளமோ நர்சிங் கிடைக்கும் போல, ஆனா பிரைவேட்ல பி.எஸ்சி. சீட்டும் இருக்கு, எதுல சேர்க்கட்டும்?" டிகிரி என்றால் டிகிரிதானே என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டுத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இரண்டு படிப்பும் முடித்தவர்களோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய அரசு மருத்துவமனையோடு சேர்ந்த பள்ளியில் ஜி.என்.எம். என்கிற டிப்ளமோ நர்சிங் (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) கிடைத்தால், கடன் வாங்கிச் சேர்க்கிற சுமாரான தனியார் பி.எஸ்சி.யை விட அதுதான் மேல். அரசுக் கல்லூரியிலோ, 1946லேயே நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மாதிரியான இடத்திலோ பி.எஸ்சி. கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், சேர்த்துவிடுங்கள். இந்த இரண்டாவது வாய்ப்பு இல்லாதவர்களுக்குத்தான் இந்த அலசல்.

முதலில் அடிப்படை விவரம். ஜி.என்.எம். மூன்று வருடம், கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். பி.எஸ்சி. நான்கு வருடம், 2021-22ல் இருந்து எட்டு செமஸ்டர். பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். ஜி.என்.எம்.முக்கு 40 சதவீதம் போதும், இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எந்தக் குரூப் படித்தவர்களும் சேரலாம், ஆனால் அரசு சீட்டுக்கு எந்தக் குரூப் கேட்கிறார்கள் என்பதை அந்தந்த வருட விவரக் குறிப்பேட்டைப் படித்தே முடிவு பண்ணுங்கள். படிப்பு முடித்ததும் இரண்டு பேரும் தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் ஒரே மாதிரிதான் பதிவு செய்கிறார்கள், இரண்டு பேருமே ஆர்.என்., ஆர்.எம். (பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மருத்துவச்சி)தான். வார்டில் முதல் நாள் கிடைக்கிற வேலையும் ஒன்றுதான், ஸ்டாஃப் நர்ஸ்.

நிஜமான வித்தியாசம் கிளினிக்கல் போஸ்டிங்கில், அதாவது மருத்துவமனை வார்டில் கிடைக்கிற நேரடிப் பயிற்சியில் இருக்கிறது, சேர்க்கும்போது யாரும் விசாரிக்காத விஷயமும் அதுதான். வாந்தி, பேதியில் உடம்பில் நீர் வற்றிப்போன ஒரு எழுபது வயது பாட்டியை அட்மிஷன் போடுகிறார்கள் என்று வையுங்கள். கையில் நரம்பே தெரியாது, தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். அரசு மருத்துவமனையில் படித்த டிப்ளமோ பெண் கையை இறுக்குகிற டூர்னிகேட் பட்டையைக் கட்டி, கையைத் தொங்கவிடச் சொல்லி, விரலாலேயே தடவிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்து, சின்ன சைஸ் வென்ஃபிளானை (மருந்து, குளுக்கோஸ் ஏற்ற நரம்பில் போடும் ஊசிக் குழாய்) எடுத்துப் போட்டுவிடுவாள். அவள் கெட்டிக்காரி என்பது மட்டும் காரணம் கிடையாது, மூன்று வருடமும் நிரம்பி வழிகிற வார்டில் நின்றிருக்கிறாள், அந்த மாதிரி கைகளை தினமும் பார்த்திருக்கிறாள். பெயருக்கு ஒரு மருத்துவமனையைக் காட்டி நடத்துகிற தனியார் கல்லூரியில் என்ன நடக்கிறது? காலையில் பஸ்ஸில் ஏற்றி வேறு ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அங்கே ஏற்கெனவே இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் நிற்பார்கள், ஒரே நோயாளிக்கு ஆறு பேர் மாற்றி மாற்றி பி.பி. பார்ப்பார்கள். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகளாவது இருக்க வேண்டும் என்பது கவுன்சில் விதி, இங்கே அது தலைகீழ். ஒரே பிரசவத்தை ஐந்து பேர் எட்டிப் பார்த்துவிட்டு ஐந்து கேஸ் புக்கிலும் எழுதிக்கொண்டால், வேலைக்கு வந்த முதல் இரவு லேபர் வார்டில் தனியாக நிற்கும்போது அப்படிப் படித்த பெண்தான் பயந்து நடுங்குவாள்.

இதைச் சொல்வதால் பி.எஸ்சி. பாடத்திட்டத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நன்றாகச் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் படித்த பி.எஸ்சி. பெண்ணிடம் ஒரு தெளிவு இருக்கும். நோய் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதையும் மருந்தையும் சேர்த்தே படித்திருப்பாள், லாசிக்ஸ் (சிறுநீரை அதிகமாக்கும் மருந்து, பொட்டாசியத்தையும் குறைத்துவிடும்) போய்க்கொண்டிருக்கிற நோயாளிக்கு "பொட்டாசியம் ரிப்போர்ட் வந்துடுச்சா?" என்று டாக்டர் கேட்பதற்கு முன்பே அவள் கேட்பாள். ஆராய்ச்சி, நிர்வாகம், கற்பித்தல் எல்லாம் பாடத்திலேயே இருக்கிறது. மேலே எம்.எஸ்சி. படித்து ஆசிரியராகப் போகவோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கவோ வழி உண்டு.

வேலை விஷயத்தில் இரண்டும் பிரியும் இடங்களைப் பாருங்கள். எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வை (நர்சிங் ஆபீசர் வேலைக்கான தேர்வு) பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்த கையோடு எழுதலாம். ஜி.என்.எம். என்றால் ஐம்பது படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். நர்சிங் ஆபீசர் அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக்குழுப்படி 44,900ல் தொடங்குகிறது, அதனால் அந்தத் தேர்வுதான் குறி என்றால் பி.எஸ்சி.க்கு ஒரு நியாயம் இருக்கிறது. (பையன்கள் கவனிக்க: எய்ம்ஸில் 80 சதவீத இடங்கள் பெண்களுக்கு.) சவுதிக்குப் போகிற எண்ணம் இருந்தாலும் அப்படித்தான், அங்கே டிப்ளமோவை டெக்னீஷியன் என்றும் பட்டத்தை ஸ்பெஷலிஸ்ட் என்றும் தனித்தனியாக வகைப்படுத்துகிறார்கள், சம்பளமும் அதைப் பொறுத்தே அமைகிறது.

ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே அரசு வேலை என்றால் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுதான், அதற்கு இரண்டு பேரும் தகுதி, கிடைப்பதும் ஒரே பதவி, ஒரே சம்பளம். அந்தச் சம்பளத்தின் கதையையும் தெரிந்துகொண்டு வாருங்கள். 2015ல் எடுத்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவத் துறை இயக்குநரக) வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்தார்கள், அதற்கு அப்புறம் 14,000, 18,000 என்று ஏறியது. தனியாரில் இன்னும் மோசம். 2016ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த சின்ன மருத்துவமனைகூட 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் சம்பளத்துக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை ஒழுங்காகக் கொடுக்கிற இடங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பாண்டு போட்டு ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களைப் பார்த்திருக்கிறேன், ஆத்திரமாக வரும். இந்தச் சம்பளத்தில் இருந்து நான்கு வருட தனியார் ஃபீஸ், ஹாஸ்டல், அதற்கான வட்டி எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். பெண்ணின் பெயரில்தான் அந்தக் கடன் இருக்கும்.

அரசு டிப்ளமோவில் சேர்ந்தால் டிகிரி கைவிட்டுப் போய்விடாது. ஜி.என்.எம். முடித்து இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம், நார்செட், எம்.எஸ்சி. இரண்டுக்கும் அது செல்லும். கூட்டினால் ஐந்து வருடம், நேரடி பி.எஸ்சி.யை விட ஒரு வருடம்தான் அதிகம், நடுவில் வேலை பார்த்துக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு படிக்கவும் முடியும். எனக்குத் தெரிந்து நிறையப் பேர் இந்த வழியில் வந்து வார்டிலும் வகுப்பிலும் நன்றாக இருக்கிறார்கள்.

ஏ.என்.எம். (துணை செவிலியர், மருத்துவச்சி படிப்பு) பற்றியும் கேட்கிறார்கள். அது இரண்டு வருடம், கிராம சுகாதார செவிலியர் வேலைக்கானது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், கர்ப்பிணிகளைப் பதிவது, புதன்கிழமை தடுப்பூசி, வீடு வீடாகப் போவது என்று ஊரோடு ஒட்டிய வேலை, அது பிடித்தவர்களுக்கு மிக நல்ல வேலை. ஆனால் பின்னாளில் மருத்துவமனை நர்ஸாக மாற நினைத்தால் ஜி.என்.எம்.மை முதலில் இருந்து படிக்க வேண்டும்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று "நர்சிங்" பெயரில் வெள்ளை யூனிஃபார்ம் மாட்டிவிடும் சர்டிபிகேட் கோர்ஸ்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. அதை முடித்துவிட்டு கவுன்சிலில் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. ஏழைப் பெண்களை எவ்வளவு துணிந்து ஏமாற்றுகிறார்கள் என்று பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் தனியார் பி.எஸ்சி.தான் என்று முடிவானால், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு அந்தக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போய் வார்டுக்குள் நடந்து பாருங்கள். எத்தனை கட்டிலில் நோயாளி இருக்கிறார் என்று எண்ணுங்கள். அப்புறம் கடைசி வருட மாணவி ஒருத்தியைத் தனியாகப் பிடித்து, எத்தனை வென்ஃபிளான் போட்டிருக்கிறாய், எத்தனை பிரசவத்தில் உன் கை பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல அவள் தயங்கினால் அங்கே பணம் கட்டாதீர்கள்.