ஒரே கன்ட்ரோலர், பல கன்சோல்கள்: எந்த அடாப்டர் காலம் தள்ளும்?

வீடியோ விளையாட்டில் கை ஒரு கன்ட்ரோலருக்குப் பழகிவிட்டால் இன்னொன்றைப் பிடிக்க மனம் வருவதில்லை. கன்சோல் தயாரிப்பாளர்களுக்கோ அந்தக் கவலை கிடையாது. சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரான டூயல்சென்ஸை நிண்டெண்டோ ஸ்விட்ச் ஏறெடுத்தும் பார்க்காது. எக்ஸ்பாக்ஸ் கன்சோல் புளூடூத் கன்ட்ரோலர் எதையும் சேர்த்துக்கொள்ளாது. அதற்கு மைக்ரோசாஃப்டின் சொந்த வயர்லெஸ் முறைதான் வேண்டும். இந்த இரு தரப்புக்கும் நடுவில் துபாஷி வேலை பார்ப்பவைதான் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி அடாப்டர்கள். கன்ட்ரோலர் புளூடூத்தில் சொல்வதைக் கேட்டு, கன்சோலுக்குப் புரியும் மொழியில் யுஎஸ்பி வழியாக எடுத்துச் சொல்கின்றன.

அடிக்கடி அடிபடும் பெயர்கள் மூன்று: எய்ட்பிட்டோவின் யுஎஸ்பி வயர்லெஸ் அடாப்டர் 2, புரூக்கின் விங்மேன் வரிசை, மேஃப்ளாஷின் மேஜிக்-என்எஸ். நான் வாங்கியது முதலாவது. ஸ்விட்சுக்கும் கணினிக்கும் மாறி மாறி அதைத்தான் செருகுகிறேன். ஆகவே இங்கே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது முதலிலேயே தெரிந்திருக்கட்டும்.

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்விகளை வேகமாகக் கடந்துவிடலாம். மூன்றும் சிறியவை. மூன்றும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கன்ட்ரோலரைத்தான் ஏற்கும். இருவர் ஆட வேண்டுமானால் இரண்டு அடாப்டர் வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலான தாமதம் கதை விளையாட்டுகளிலும் கார்ப் பந்தயங்களிலும் எனக்குப் புலப்படவில்லை. சண்டை விளையாட்டுகளில் ஒவ்வொரு ஃபிரேமையும் எண்ணி ஆடுபவர்கள் என் சொல்லை நம்பி இறங்க வேண்டாம். நான் அந்த ரகம் இல்லை. அவர்களுக்குக் கேபிள்தான் பத்திரம்.

என்னைப் பொறுத்தவரை தேர்வைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: ஃபெர்ம்வேர். அடாப்டருக்குள் இருக்கும் அந்தச் சிறு மென்பொருளை அதன் தயாரிப்பாளர் எத்தனை காலம் புதுப்பித்துத் தருவார்? அதைப் புதுப்பிப்பது நமக்கு எவ்வளவு எளிது? பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பொருத்தப் பட்டியல் அந்தப் பெட்டி அச்சான நாளுக்கு மட்டுமே உண்மை. கன்சோல் ஒரு பக்கம் மாறுகிறது, கன்ட்ரோலர் மறுபக்கம் மாறுகிறது. இரண்டில் எது மாறினாலும் அடி விழுவது அடாப்டருக்குத்தான்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் கதையைப் பாருங்கள். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்த கன்ட்ரோலரில் புளூடூத்தே இல்லை. 2016-இல் ஒன் எஸ் கன்சோலோடு வந்ததில்தான் புளூடூத் சேர்ந்தது. 2020-இல் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் கன்சோல்களோடு சீரீஸ் கன்ட்ரோலர் வந்தபோது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத் வகையும் கூடவே வந்தது. அதோடு விட்டார்களா? 2021-இல் ஒரு புதுப்பிப்பின் மூலம் அதே வகையைப் பழைய புளூடூத் கன்ட்ரோலர்களுக்கும் கொடுத்தார்கள். கையில் இருப்பது அதே கன்ட்ரோலர்தான். வெளித்தோற்றத்தில் ஒரு கீறல்கூட மாறவில்லை. ஆனால் அது பேசும் விதம் மாறிவிட்டது. இதைத் தொடர்ந்து கவனித்து ஈடுகொடுக்கிற அடாப்டர்தான் பிழைக்கும். எய்ட்பிட்டோவிலேயே சீரீஸ் கன்ட்ரோலரையும் சேர்த்துக்கொள்வது இரண்டாம் பதிப்புதான். பழைய முதல் பதிப்பும் இன்னும் விற்பனையில் கண்ணில் படுகிறது. பெயரில் 2 இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கன்சோல் பக்கத்திலும் இதே நிலைதான். 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வெளியானபோது, பழைய ஸ்விட்சோடு ஒழுங்காக இயங்கிய பல வெளி நிறுவனக் கன்ட்ரோலர்கள் புதியதோடு சேரவில்லை. எய்ட்பிட்டோ தன் கன்ட்ரோலர்கள் சிலவற்றுக்குத் திருத்தத்தை விரைவாகவே வெளியிட்டது. ஸ்விட்ச் 2-க்காக அடாப்டர் வாங்குபவர்கள், தாங்கள் வாங்கும் அதே மாதிரியின் பதிவிறக்கப் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பொதுவான அறிவிப்பு போதாது.

புதுப்பிக்கும் முறையில்தான் எய்ட்பிட்டோ என்னை வென்றது. அடாப்டரின் சிறு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கணினியில் செருகினால், நிறுவனத்தின் புதுப்பிப்புச் செயலி அதை அடையாளம் கண்டு பதிப்புகளைக் காட்டுகிறது. விண்டோஸ், மேக் இரண்டிலும் அது வேலை செய்கிறது. மற்ற இரண்டுக்கும் விண்டோஸ் கணினி ஒன்று அருகில் இருந்தாக வேண்டும். மேஃப்ளாஷில் மாதிரியின் பெயரைத் தேடி, அதற்கான கோப்பை இறக்கி, விரித்து இயக்க வேண்டும். முடியாத காரியம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை கன்சோல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, கன்ட்ரோலர் இணையாமல், பக்கத்தில் ஒரு பிள்ளை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்த நான்கு படிகளும் நாற்பதாகத் தெரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. எய்ட்பிட்டோவில் ஸ்விட்ச், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டர். புரூக்கிலோ கன்சோலுக்கு ஒரு மாதிரி: எக்ஸ்பாக்ஸுக்கு எக்ஸ்பி, ஸ்விட்சுக்கு என்எஸ், சேகாவின் டிரீம்காஸ்ட், சாட்டர்னுக்கு எஸ்டி. மாதிரிகள் பெருகப் பெருக, கவனிக்க வேண்டிய ஃபெர்ம்வேர்களும் பெருகும். ஒரு நாள் எதையாவது கைவிட வேண்டிவந்தால் நம்முடையதை விட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

அதற்காக விங்மேனைக் குறைத்துச் சொல்லவில்லை. அதன் பின்புறத்தில் ஒரு யுஎஸ்பி துளை இருக்கிறது. வயர்லெஸ் மட்டுமல்லாமல், கேபிள் கன்ட்ரோலரையும் அதில் செருகலாம். பொத்தான்களை இடம் மாற்றவும், ஒரு பொத்தானைத் தொடர்ந்து அடிப்பது போல் டர்போ வைக்கவும் கணினியே தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்குள் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரைக் கொண்டுபோகும் வழியை அது திறக்கிறது. எய்ட்பிட்டோவின் அடாப்டர் அந்தப் பக்கமே போவதில்லை. நண்பர் ஒருவரின் வீட்டில் சில மாலைகள் எக்ஸ்பாக்ஸில் பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4 வைத்து ஆடிப் பார்த்தேன்; குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சில மாலைகளை வைத்து ஒரு பொருளின் ஆயுளை அளக்க முடியாது.

ஆயுளைப் பற்றிய சந்தேகத்துக்குக் காரணம் எக்ஸ்பாக்ஸேதான். 2023 இலையுதிர் காலத்தில் மைக்ரோசாஃப்ட் அங்கீகாரம் இல்லாத துணைக்கருவிகளைத் தடுக்கத் தொடங்கியது. அப்படி ஒன்றைச் செருகினால் 0எக்ஸ்82டி60002 என்ற பிழைக் குறியீடு திரையில் வரும். இரண்டு வாரம் கெடு. பிறகு அந்தக் கருவி அந்தக் கன்சோலில் இயங்காது. விளையாட்டில் ஏமாற்ற உதவும் கருவிகள் பெருகிவிட்டன என்பது உண்மை. துப்பாக்கியின் உதைப்பைத் தானாகச் சரிசெய்யும் நிரல்கள் எதிராளியின் பொறுமையைத்தான் சுடுகின்றன. ஆனால் வலை விரித்தால் சுறாவோடு நெத்திலியும் சேர்ந்துதான் மாட்டும். எக்ஸ்பாக்ஸுக்காக விங்மேன் வாங்குகிறவர்கள், வாங்கும் வாரத்தில் அந்த மாதிரியின் புதிய ஃபெர்ம்வேர் பற்றிய அறிவிப்பைப் படித்துவிட்டு வாங்கட்டும். போன ஆண்டின் காணொளி விமர்சனம் இதற்கு உதவாது.

பிளேஸ்டேஷன் பக்கம் கதவு இன்னும் இறுக்கம். பிளேஸ்டேஷன் 4-இல் அங்கீகாரச் சோதனையில் தேறாத கன்ட்ரோலர் ஏறக்குறைய எட்டு நிமிடத்தில் துண்டிக்கப்பட்டுவிடும். பிளேஸ்டேஷன் 5-இல், அதற்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுகளைச் சோனியின் சொந்த டூயல்ஷாக் 4 வைத்துக்கூட ஆட முடியாது. பழைய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளுக்கு மட்டும்தான் அனுமதி. சொந்தப் பிள்ளைக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் வெளியாளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பிளேஸ்டேஷன் 5-க்காக அடாப்டர் தேடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மேஃப்ளாஷ் மேஜிக்-என்எஸ் ஒரே ஒரு விஷயத்தில் மற்றவற்றைவிட நன்றாக யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது. இப்போது எந்தக் கன்சோலின் கன்ட்ரோலர் போல நடிக்கிறது என்பதை அதன் விளக்கு நிறத்தால் சொல்லிவிடும். முறையை மாற்ற அதன் மீதுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். எய்ட்பிட்டோவில் முறை மாற்றக் கன்ட்ரோலரில் பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கணினியில் ஆடிவிட்டு ஸ்விட்சுக்குத் திரும்பும்போது எந்தக் கூட்டணி என்பது மறந்துபோகும். காகிதத்தில் எழுதி, ஸ்விட்சைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் டாக்கின் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறேன். நான்கு பேர் சேர்ந்து ஆடும் வீடுகளில் நிறம் பார்த்துச் சரிசெய்வது வசதியாகவே இருக்கும். எங்கள் வீட்டில் இருவருக்கு மேல் ஆடுவதில்லை என்பதால் அதற்குமேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

எந்த அடாப்டர் வாங்கினாலும் ஸ்விட்சில் ஒரு காரியம் செய்ய வேண்டும். அமைப்புகளில் கன்ட்ரோலர்கள், சென்சார்கள் பகுதிக்குப் போய், நிண்டெண்டோவின் சொந்த ப்ரோ கன்ட்ரோலரைக் கம்பிவழியாகத் தொடர்புகொள்ள அனுமதிக்கும் விருப்பத்தை இயக்க வேண்டும். 2017-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அது அங்கே இருக்கிறது. தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். 'அடாப்டர் பழுது' என்று திருப்பி அனுப்பப்படுகிறவற்றில் ஒரு பங்கு இந்த ஒரு விருப்பத்தால்தான் என்பது என் ஊகம்.

அடுத்தது பொத்தான்களின் இடம். நிண்டெண்டோவில் ஏ வலப்புறம், பி கீழே. எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலப்புறம். அடாப்டர் வழக்கமாக எழுத்தை விட்டுவிட்டு இடத்தைத்தான் பின்பற்றும். ஆகவே எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஏ-வை அழுத்தினால் ஸ்விட்ச் அதைப் பி என்று எடுத்துக்கொள்ளும். 'சரி' சொல்ல நினைத்து மெனுவை மூடிக்கொண்டே இருப்பீர்கள். டூயல்சென்ஸில் எழுத்துகளே இல்லாமல் வட்டமும் பெருக்கலும்தான் இருப்பதால் மூளை சீக்கிரம் பழகிவிடுகிறது. எனக்கு அதுதான் பிடித்த ஜோடி. இன்னொரு காரணம், சாய்வை உணரும் சென்சார். டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் இரண்டிலும் அது இருக்கிறது. எய்ட்பிட்டோ அதை ஸ்விட்சுக்குக் கொண்டுசேர்க்கிறது. கன்ட்ரோலரைச் சாய்த்து அம்பு குறிபார்க்கும்போது இதன் அருமை புரியும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் அந்தச் சென்சாரே கிடையாது. இல்லாததை எந்த அடாப்டரும் உண்டாக்காது.

வழியில் இழப்பவையும் உண்டு. டூயல்சென்ஸில் ஆள்காட்டி விரலால் அழுத்தும் இறுகும் டிரிகர்கள் ஸ்விட்சில் வெறும் பொத்தான்களாகிவிடும். ஸ்விட்சின் டிரிகர்களே அழுத்தத்தின் அளவை அறியாதவை என்பதால், பந்தய விளையாட்டில் பாதி அழுத்திப் பாதி வேகம் போக வழியில்லை. கன்ட்ரோலரின் ஹெட்போன் துளை ஊமையாகிவிடும். தூங்கும் கன்சோலை எழுப்ப எழுந்துபோய்ப் பொத்தானை அமுக்க வேண்டியதுதான். டூயல்சென்ஸைப் பிளேஸ்டேஷனுக்கும் அடாப்டருக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக இணைக்கும் தொல்லை மட்டும் குறைந்திருக்கிறது: 2025 செப்டம்பர் புதுப்பிப்புக்குப் பிறகு அது நான்கு சாதனங்கள் வரை நினைவில் வைத்துக்கொள்ளும்.

இணைப்பு அடிக்கடி அறுந்தால் அடாப்டரைத் திட்டுவதற்கு முன் அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி 3 துளைகளும் அவற்றில் செருகிய ஹார்டு டிஸ்குகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் வாழ்கிறது. ஸ்விட்ச் டாக்கில் மூடிக்குள் இருக்கும் துளையை விட்டுவிட்டுப் பக்கவாட்டுத் துளையில் செருகலாம். கணினியில் ஒரு சாண் நீட்டிப்புக் கேபிள் போட்டு அடாப்டரைப் பெட்டியிலிருந்து விலக்கிவைக்கலாம்.

விண்டோஸ் கணினி மட்டும், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் மட்டும் என்றால் இந்த மூன்றும் வேண்டாம். மைக்ரோசாஃப்டின் சொந்த வயர்லெஸ் அடாப்டர் எட்டுக் கன்ட்ரோலர்கள் வரை தாங்கும். புளூடூத் இல்லாத 2013 கன்ட்ரோலரையும் அது ஏற்கும். மற்ற மூன்றிலும் அதை வயர்லெஸாக இணைக்க வழியில்லை. கையில் இருப்பது எந்தக் காலத்துக் கன்ட்ரோலர் என்று தெரியாவிட்டால் நடுவில் இருக்கும் எக்ஸ்பாக்ஸ் பொத்தானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது முகப்போடு ஒன்றாக, அதே மங்கலான பரப்பாக இருந்தால் புளூடூத் உண்டு. மேலே உள்ள தோள் பொத்தான்களோடு சேர்ந்து தனித் துண்டாகப் பளபளத்தால் இல்லை.